ஒற்றைக் கைக்கு ஒரு கப்ளர்

"இங்க கொஞ்சம் வாறியாம்மா" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். கட்டிய நாளிலிருந்து என்னை "ஏ புள்ள!" என்று கூப்பிட்ட மனிதர் அவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையின் கடைசிக் காம்பராவில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்டுவிடும், அப்படி ஒரு குரல். நானும் சளைத்தவள் இல்லை. "வாறேன்ல, என்ன அவசரம்!" என்று பதிலுக்குக் கத்துவேன். கறியில் உப்புக் கூடினால் சண்டை. ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டால் சண்டை. சண்டை முற்றிவிட்டால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசமாட்டார். தேத்தண்ணி வேண்டுமென்றால்கூடப் பூனையைப் பார்த்துத்தான் சொல்வார். மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது, நன்றாகவும் ஓடியது.

அவர் ஹட்டனில் ஒரு கராஜில் பெயின்ட் பாஸ். கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம். ஒரு மழை நாளில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் கொட்டகலைக்குத் திரும்பி வரும்போது வளைவில் வழுக்கி விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டுத்தான் போனது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. நரம்பு விஷயம், எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது, பழையபடி பிடிமானம் வராமலே போகவும் கூடும் என்று டாக்டர் சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு "சரிங்க, நன்றிங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாவற்றுக்கும் அதே சரிதான், அதே நன்றிதான்.

"பரவாயில்லம்மா." "ஒனக்குத்தான் சிரமம்மா." "ஏலுமுன்னா கொஞ்சம் சுடுதண்ணி தாறியாம்மா." சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரிப் பேசினார். நான் வேண்டுமென்றே சோற்றைக் குழைய விட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. உப்பை அள்ளிப் போட்டேன், தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். சண்டைக்கு இழுத்தால் "நீ சொல்றதும் சரிதான்" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் கட்டிக்கொண்ட ஆள் அந்த வளைவிலேயே போய்விட்டார், யாரோ ஒரு மரியாதைக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? "புருஷன் தன்மையாப் பேசுறாரு, அதுக்கு ஒரு அழுகையா?" என்று சிரிப்பார்கள்.

லயத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. லீவு நாட்களில் ஆட்டோக்களுக்குப் பெயின்ட் அடிக்க அவர் போட்டது. பழைய கம்பிரசர் ஒன்றும் அதில் இருந்தது. கை போன பிறகு கராஜுக்குப் போகவில்லை, கொட்டகையில் உட்கார்ந்தார். இடது கையால் தகரத் துண்டுகளில் அடித்து அடித்துப் பழகினார். கோணல் மாணலாக ஒழுகிய பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. அதில் எனக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் அந்தக் காற்றுக் குழாயில்தான்.

கம்பிரசரிலிருந்து வருவது ஒரே ஒரு குழாய். பெயின்ட் அடிக்க ஸ்ப்ரே கன், தூசி ஊத ஒன்று, டயருக்குக் காற்றடிக்க ஒன்று என்று எது வேண்டுமோ அதை அந்தக் குழாயின் நுனியில் திருகி மாட்ட வேண்டும். குழாயைப் பிடிக்க ஒரு கை, ஸ்பேனரைத் திருப்ப ஒரு கை. தூசி ஊதாமல் பெயின்ட் அடிக்க முடியாது. ஊதிவிட்டுக் கன்னை மாட்ட வேண்டும். நடுவில் யாராவது டயரோடு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு முறையும், "இங்க கொஞ்சம் வாறியாம்மா."

நான் வேலை செய்வது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை எங்களிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பகலில் நான் அங்கே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பேன், மனசு கொட்டகையில் நிற்கும். பிள்ளைகள் தூங்கினாலும் என்னால் உட்கார முடியாது. வாசலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். ஒருநாள் மாலையில் வீட்டுக்கு வந்தால், பாதி தூசி ஊதிய ஓர் ஆட்டோ நின்ற இடம் வெறுமையாக இருந்தது. "என்னாங்க, ஆட்டோக்காரர் எங்க?" என்றேன். கன் மாட்ட ஆள் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாராம், பிறகு கடைத்தெருப் பக்கம் வேறு பாஸிடம் போய்விட்டாராம். "பரவாயில்லம்மா. அவருக்கும் அவசரந்தானே" என்றார். அவர் முழங்காலில் அந்தக் கன் கிடந்தது, கழுவித் துடைத்துத் தயாராக. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திருகாமல் மாட்டுகிற கப்ளர் இருக்கிறது என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். தள்ளினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவிடும். சனிக்கிழமை ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். கடைத்தெருவில், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவரின் இரும்புக் கடை, பைப் சாமான்கள் எல்லாம் அங்கேதான் வாங்குவோம். தட்டுத் தட்டாகக் கப்ளர்கள் இருந்தன. ஒரு தட்டில் கப்ளரை எடுத்தேன். இன்னொரு தட்டில் அதற்குள் தள்ளுகிற முனைகள் பளபளவென்று மின்னின, அதிலிருந்து முனைகளை எடுத்தேன். 

"சேத்துப் பாத்தீங்களா தங்கச்சி?" என்றார் நானா.

"பாத்தாச்சு நானா" என்றேன். எங்கே பார்த்தேன்? கொட்டகலை பஸ் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஓடினேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கொடுத்தேன். நான் பிடிக்க, அவர் திருக, எல்லாம் பூட்டியாயிற்று. முனையைக் கப்ளருக்குள் தள்ளினோம், உள்ளே போனது. எனக்கு வாயெல்லாம் பல். கம்பிரசரைப் போட்டேன். முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் டமார்! முனை பிய்த்துக்கொண்டு பறந்தது, அதன் பின்னால் இருந்த குழாய் கொட்டகைக்குள் வீசியடித்துப் பெயின்ட் டின்னைத் தட்டிவிட்டது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். தரையெல்லாம் நீல பெயின்ட் ஓடியது. இனி வசவு விழும் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், விழ வேண்டும் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்லம்மா. ஒனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று, காலி வாளியை ஓர் உதை உதைத்தேன். கால் பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த லீவு நாளில் விந்திக்கொண்டே மறுபடி போனேன். இந்தத் தடவை ஸ்ப்ரே கன், கப்ளர் பூட்டிய குழாய் நுனி, பறந்துபோன முனை என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கடை வாசலில் நின்று, கழுத்துச் சால்வையால் என் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

நானா பயந்துவிட்டார். "அல்லாவே, கைக்கு என்னா தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல நானா. ஒரு கையால மாட்டி ஒரு கையால கழட்ட ஏலுமான்னு பாக்கணும். வீட்டுல அவருக்கு."

நானா மேசையில் இருந்த ஆணிப் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்தார். போன தடவை நான் கொண்டுபோனவற்றைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சேத்துப் பாத்தாச்சுன்னு சொன்னீங்க! இந்தக் கழுத்தப் பாருங்க, நீளம். இந்தக் கப்ளருக்கு உள்ள முனை இது, குட்டை. ரெண்டும் உள்ளுக்குப் போகும், ஆனா உள்ளுக்கு இருக்கிற குண்டுங்க வந்து உக்கார்ற பள்ளம் வேற வேற எடத்துல. இது ஒரு சாதி, அது ஒரு சாதி. மினுங்குதுன்னு பாத்து எடுத்தா இப்படித்தான்."

"மினுங்குனதப் பாத்து ஏமாந்தது நான் மட்டுமா நானா? தட்டுல முன்னுக்கு வச்சது யாரு?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிலதில் கப்ளரின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் முனையைத் தள்ள வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும், வேண்டாம் என்றேன். சிலதில் வளையத்தைத் தொடவே வேண்டாம், முனையைத் தள்ளினால் தானாகவே முன்னுக்கு வந்து பூட்டிக்கொள்ளும். அதை இடது கையால் தள்ளிப் பார்த்தேன். கப்ளர் மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி தள்ளினேன், மறுபடி ஓடியது. கோபம் வந்து அதை மேசையோரத் தூணில் சாய்த்து வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. ஓ, அப்படியா சங்கதி! கப்ளர் ஓடாமல் இருந்தால் போதும், ஒரு கையே தாராளம். கப்ளரைக் கொட்டகைச் சுவரில் பலகை அடித்துப் பூட்டிவிட வேண்டியது. கன்னுக்கு ஒரு குழாய், தூசிக்கு ஒரு குழாய், டயருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முனை. அவர் வேண்டியதை எடுத்துச் சுவரில் குத்தினால் போதும். கழற்றும்போது வளையத்தை இரண்டு விரலால் பின்னுக்குத் தள்ளினால் துள்ளி வெளியே வருகிறது. கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். 

"பித்தளையிலயே எடுங்க தங்கச்சி. நம்ம ஊரு மிஸ்டு ஈரத்துக்கு இரும்பு துருப்புடிச்சிரும், அப்புறம் வளையம் நகராது" என்றார் நானா. முனையின் திருகு மரையையும் கன்னில் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். "ஒண்ணு ரெண்டு சுத்துல இறுகிப்போச்சுன்னா அது வேற மரை. பலவந்தம் பண்ணிறாதீங்க." கையால் சுற்றிப் பார்த்து, சுகமாகப் போனதை எடுத்தேன். கழற்றும் முன் காற்றை அடைக்கச் சுவரில் ஒரு சின்ன வால்வும் வேண்டும் என்று அவரே எடுத்துப் போட்டார். கட்டை அவிழ்த்தபோது கை மரத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரத்துக்கே எனக்கு இப்படி என்றால், அவருக்கு? பஸ்ஸிலும் அதே நினைப்புத்தான்.

அன்று மாலையே பலகை அடித்தோம். மரையில் வெள்ளை டேப் சுற்றி, இறுக்கி, சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தோம். ஓர் இடத்திலும் குமிழி வரவில்லை. அவர் கன் குழாயை இடது கையில் எடுத்து, சுவரில் வைத்து, ஒரு தள்ளு. டக். விரலால் வளையத்தைத் தள்ளினார், வெளியே வந்தது. தூசிக் குழாய், டக். டயர்க் குழாய், டக். என்னைக் கூப்பிட வேண்டிய வேலை ஒன்றுகூட மிச்சமில்லை. நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"நல்லாருக்கும்மா. ஒனக்குத்தான் பெரிய அலைச்சல்" என்றார்.

கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. கை வேலைக்கு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. 

ஆட்டோக்கள் திரும்ப வரத் தொடங்கின. நான் பிள்ளைக்காம்பராவில் இருக்கும்போதே வேலை முடிந்து போயின. மாலையில் வந்தால் "இன்னைக்கு ரெண்டு பேரு வந்தாங்கம்மா" என்று ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். எல்லோரும் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்தார்கள். எனக்கோ முன்னைவிட இருப்புக்கொள்ளவில்லை. முன்பாவது கை சரியானால் எல்லாம் சரியாகும் என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

இப்படியிருக்க ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குப் பொட்டு வைக்காத சாமான் இருக்காது. ஃபெக்டரி மெஷினிலிருந்து கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்போம். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை நிறுக்கிற தராசுக்குக்கூட நான் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். கொட்டகையில் கம்பிரசருக்கு வைத்தேன், கன்னுக்கு வைத்தேன், ஸ்பேனர்களுக்கு வைத்தேன். கடைசியாகச் சுவரிலிருந்த கப்ளர். அதைப் பார்த்ததும் என்னவோ செய்தது. அவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது அதுதானே? சந்தனத்தை நன்றாகக் குழைத்து வளையத்தைச் சுற்றிலும் அப்பினேன். மேலே குங்குமம். மூன்று குழாய்களின் முனைகளுக்கும் அதே மரியாதை. கப்ளரின் வாயில் ஒரு செவ்வந்திப் பூவையும் சொருகினேன். "சாமி, அந்தாளு கையக் குடுத்துட்ட, அந்தாளையும் குடுத்துரு" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக்கூடாது. எல்லாம் அப்படியே காய்ந்தது.

மறுநாள் விசயதசமி, எனக்கு லீவு. நல்லதண்ணி ஊர்ப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் தன் வண்டியின் முன்பக்கத்துக்குப் பச்சை அடிக்க வந்திருந்தார். நல்ல நாளில் முதல் வேலை. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கம்பிரசர் ஓடுகிற சத்தம், 'டக்', கன் சீறுகிற சத்தம். திடீரென்று கன் சத்தம் நின்றது. அடுத்த நொடி, டமார்! அதற்குப் பின்னால், லயத்தையே தூக்கிப்போடுகிற மாதிரி ஒரு குரல்.

"ஏ புள்ள!"

தேங்காய்ப் பாதி கையிலிருந்து உருண்டு ஓடியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கொட்டகை நடுவில் நிற்கிறார், முகமெல்லாம் குங்குமம். புருவத்தில், மீசையில், காதில். ஈரப் பச்சைப் பெயின்டில் சிவப்புப் புள்ளிகள் தெறித்துக் கிடக்கின்றன. முனையில் நான் வைத்த குங்குமம் காற்றோடு கன்னுக்குள் போய் வண்டியில் அடித்திருக்கிறது. வளையத்துக்குள் காய்ந்த சந்தனம் அந்த வளையத்தைப் பூட்டவிடாமல் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறது. என்னவென்று அவர் குனிந்து பார்க்க, சரியாகப் பூட்டாத முனை பிய்த்துக்கொண்டு வந்து, மிச்சக் குங்குமத்தை அவர் முகத்தில் ஊதிவிட்டது.

"எவ அவ இதுக்குப் பொட்டு வச்சது?" என்று கத்தினார்.

"நான்தான் வச்சேன்."

"அறிவிருக்கா ஒனக்கு? கப்ளர் வாய்க்குள்ள யாராச்சும் சந்தனம் அப்புவாளா? சாமியா வந்து பெயின்ட் அடிக்கப்போவுது?"

ஆட்டோக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு, "பரவாயில்லண்ணே, நல்ல நாளும் அதுவுமா நம்ம வண்டிக்கும் சேத்துப் பொட்டு வச்சிட்டீங்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்க!" என்று ஆட்டோக்காரர் மேலேயும் பாய்ந்தார்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்க முடியாமல் நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டை பிடித்தேன். "ஆமா, அப்புனேன்! மாட்ட முந்தி தொடச்சுப் பாக்க ஒங்களுக்குக் கண்ணு இல்லியா? பாஸாம் பாஸ்! ஹட்டனுக்கும் இங்கைக்கும் அலைஞ்சவ நான், கடையில கையக் கட்டிக்கிட்டு நின்னவ நான்!"

"யாரு அலையச் சொன்னா? நான் கேட்டனா?"

"கேக்கலியே! நீங்கதான் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டீங்களே! வாறியாம்மா, போறியாம்மான்னு யாரோ ஊட்டுக்கு வந்த ஆளாட்டம்! இத்தன காலமா எனக்குப் பைத்தியம் புடிக்காத கொறைதான்!"

அவர் சட்டென்று நின்றார். குங்குமத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. லயத்துச் சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு நிமிஷம் பழையபடி "பரவாயில்லம்மா" வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"போடி அங்கிட்டு!" என்றார். "மண்ணெண்ணெயக் கொண்டாந்து வச்சிட்டுப் போ. கிட்ட வந்தேன்னா தெரியும்."

மண்ணெண்ணெயையும் பழைய பல் பிரஷ் ஒன்றையும் கொண்டுபோய் வைத்தேன். முனைகளைத் துடைத்தார். கப்ளரைச் சுவரிலிருந்து கழற்றி, முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் தேய்தேய் என்று தேய்த்தார். வளையம் மறுபடி வழுக்குகிற வரைக்கும் விடவில்லை. பிடித்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன், பிரஷ்ஷாலேயே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பூட்டி, காற்றைத் திறந்து, ஒரு தள்ளு. டக். அந்தப் பச்சையைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர் போகும்போது என்னைப் பார்த்து, பாவம் என்கிற மாதிரித் தலையசைத்தார்.

மாலையில் முகம் கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் உட்கார்ந்தார். காது மடலில் இன்னும் குங்குமம் இருந்தது. நான் அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமல் நின்றேன். அவர் பூனையைப் பார்த்து, "இந்த ஊட்டுல ஒரு தேத்தண்ணி கெடைக்குமான்னு கேளு" என்றார்.